அடுத்தவர் வீட்டு வைஃபையில் லேப்டாப் சேரவில்லையா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

கல்யாணத்துக்குப் போன வீடு, தலைப்பொங்கலுக்குப் போன மாமனார் வீடு, மகன் குடியேறிய புது அடுக்ககம் என்று எங்கிருந்தாவது எனக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ‘லேப்டாப்பில் மட்டும் வைஃபை வரமாட்டேன் என்கிறது, நாளைக் காலை அலுவலகக் கூட்டம் இருக்கிறது.’ புலம்பல் எப்போதும் ஒன்றுதான். காரணம் வீட்டுக்கு வீடு மாறும்.

நான் பின்பற்றும் முறை எளியது. அந்த வீட்டு ரூட்டர் நேற்றுவரை அவர்களுக்கு ஒழுங்காக ஓடியது. புதிதாக வந்து சேர்ந்தது உங்கள் லேப்டாப். ஆகவே முதல் சந்தேகம் லேப்டாப்பின் மேல்தான் விழவேண்டும். ரூட்டரில் கைவைப்பது கடைசி வேலை. அதையும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யவேண்டும்.

எதையும் தொடுமுன் ஒரு சோதனை. வீட்டுக்காரரின் செல்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். டேட்டாவை அணைப்பது முக்கியம். வைஃபை செத்துக் கிடக்கும்போதும் செல்பேசி சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அவரும் ‘எனக்கு நன்றாகத்தானே வருகிறது’ என்று சாதிப்பார். அடுத்து உங்கள் செல்பேசியை அதே வைஃபையில் சேர்த்துப் பாருங்கள்.

அவருக்கே இணையம் இல்லையென்றால் நேரே ‘வீட்டில் யாருக்குமே இணையம் இல்லை’ என்ற பகுதிக்குப் போங்கள். அவருக்கு இருந்து, உங்கள் செல்பேசி, லேப்டாப் இரண்டுக்குமே இல்லையென்றால் பாஸ்வேர்டு தவறு, அல்லது ரூட்டர் புதியவர்களைத் தடுக்கிறது. உங்கள் செல்பேசி சேர்ந்து லேப்டாப் மட்டும் அடம்பிடித்தால் கோளாறு பெரும்பாலும் லேப்டாப்பில்தான். கீழே வரும் மெனுப் பெயர்கள் விண்டோஸ் 11இல் உள்ளவை. விண்டோஸ் 10இல் இடம் சற்றே மாறியிருக்கும்.

அறிகுறி: வைஃபை பொத்தானே இல்லை, அல்லது ஆன் ஆக மறுக்கிறது

விண்டோஸ் விசையையும் ‘ஏ’யையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பலகையில் விமானச் சின்னம் ஒளிர்ந்தால் ஏர்பிளேன் மோடு ஆன் ஆகியிருக்கிறது, அணைத்துவிடுங்கள். பையில் வைக்கும்போதோ குழந்தை தட்டும்போதோ இது நடந்துவிடும். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானமோ ஆன்டெனாவோ வரைந்த விசை ஒன்று இருக்கும். அதைத் தனியாகவும், ‘எஃப்என்’ விசையோடு சேர்த்தும் அழுத்திப் பாருங்கள். பழைய லேப்டாப்புகளில் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகத்தால் தள்ளும் சிறு சுவிட்ச் இருக்கும். சொந்தக்காரருக்கே அது இருப்பது தெரியாது.

அதிலும் சரியாகவில்லையா? ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி ஆனாக இருக்கும் விண்டோஸ், ஷட் டவுன் செய்யும்போது தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, திறக்கும்போது அதையே எடுத்துப் போடுகிறது. பழைய கோளாறும் கூடவே வந்துவிடும். ரீஸ்டார்ட் மட்டுமே புதிதாகத் தொடங்குகிறது. அதற்கும் மசியாவிட்டால் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். தூங்கிப்போன வைஃபை அட்டை (லேப்டாப்புக்குள் சமிக்ஞையைப் பிடிக்கும் சிறு பாகம்) பல சமயம் இதில் விழித்துக்கொள்ளும்.

அடுத்தது ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக், ‘டிவைஸ் மேனேஜர்’, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’. வைஃபை அட்டையின் பெயர் அருகே கீழ்நோக்கிய அம்பு இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக் செய்து ‘எனேபிள்’ கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் (அட்டையை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கோளாறு. ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்ததும் விண்டோஸே திரும்ப நிறுவிக்கொள்ளும்.

புது டிரைவர் இறக்கவேண்டுமானால் இணையம் வேண்டும், இணையமோ இல்லை. இந்த முடிச்சை ஆண்ட்ராய்டு செல்பேசி அவிழ்க்கும். செல்பேசியை அந்த வீட்டு வைஃபையில் சேருங்கள். யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். செல்பேசியின் ஹாட்ஸ்பாட் பகுதியில் ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். வைஃபையில் வரும் இணையத்தைச் செல்பேசி கேபிள் வழியே லேப்டாப்புக்குக் கடத்தும். அவசரத்துக்கு ஒரு நாள் வேலையை இதிலேயே ஓட்டிவிடலாம். ஐபோனில் இது நடக்காது. அது சிம் கார்டின் டேட்டாவை மட்டுமே பகிரும்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* டிவைஸ் மேனேஜர் பட்டியலில் வைஃபை அட்டையின் பெயரே இல்லையென்றால் அட்டை கழன்றிருக்கிறது அல்லது போய்விட்டது. திருகி மாற்றக்கூடிய அட்டையானால் பழுதுபார்ப்பவருக்குச் சிறு வேலை. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் அதைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். அப்படியானால் பலகையைத் தொடவே விடாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகினால் போதும்.

அறிகுறி: அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் தெரிகிறது, இந்த வீட்டின் பெயர் மட்டும் இல்லை

முதலில் ரூட்டர் இருக்கும் அறைக்கே போய்ப் பாருங்கள். அங்கே தெரிந்தால் தொலைவுதான் பிரச்சினை.

பக்கத்திலேயே நின்றும் தெரியவில்லை, செல்பேசியில் தெரிகிறது என்றால் அநேகமாக அலைவரிசைதான் காரணம். ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. பெயரின் கடைசியில் ‘5ஜி’ என்று இருந்தால் அது இரண்டாவது வகை. செல்பேசி நிறுவனங்களின் 5ஜிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய காலத்தில் விற்ற சாதாரண லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். உங்களுடையது எது என்பதை டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பெயரே சொல்லிவிடும். ‘டூயல் பேண்ட்’ என்றோ, ‘ஏசி’, ‘ஏஎக்ஸ்’ என்றோ இருந்தால் இரண்டும் தெரியும். ‘பிஜிஎன்’ என்று மட்டும் இருந்தால் 2.4தான். வீட்டுக்காரர் அந்த அலைவரிசையை அணைத்து வைத்திருந்தால் ஆன் செய்யச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. இந்தியாவில் 2.4 அலைவரிசையில் 1 முதல் 13 வரையிலான சேனல்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 11 வரைதான். இங்குள்ள ரூட்டர் தானாக 12, 13 என்று போய் உட்கார்ந்துகொண்டால் அங்கே வாங்கிய லேப்டாப் சிலவற்றுக்கு அது கண்ணிலேயே படாது. ரூட்டரில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக மாற்றினால் தீர்ந்தது.

வீட்டுக்காரர் அண்மையில் புது ரூட்டர் வாங்கினாரா என்றும் கேளுங்கள். பழைய இன்டெல் அட்டைகள் சில, பழைய டிரைவரோடு இருக்கும்போது வைஃபை 6 ரூட்டரின் பெயரைப் பட்டியலில் காட்டுவதில்லை. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியத் தொடங்கும்.

கடைசியாக, பெயரை மறைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது. உண்மையில் விருந்தாளிக்குத் தொல்லை தருவதைத் தவிர அதனால் பெரிய பயன் இல்லை. பட்டியலின் கடைசியில் உள்ள ‘ஹிட்டன் நெட்வொர்க்’கைத் தேர்ந்தெடுத்து, பெயரை எழுத்துப் பிசகாமல் அடிக்கவேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பெயருக்கும் உண்டு.

அறிகுறி: பாஸ்வேர்டு தவறு என்கிறது

எனக்கு வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம். பாஸ்வேர்டை ஒருவர் சமையலறையிலிருந்து சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் கூடத்தில் உட்கார்ந்து அடிக்கும் வீடுகளில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு.

பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் சின்னத்தை அழுத்தி, அடித்ததைக் கண்ணால் பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும். கேப்ஸ் லாக் ஆனாக இருக்கும். அல்லது தமிழ்த் தட்டச்சு ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். தனி எண்பலகை இல்லாத சில பழைய லேப்டாப்புகளில் எண்களுக்கான ‘நம் லாக்’ விசை ஆனாக இருந்தால் வலப்பக்கத்து எழுத்து விசைகள் எண்களாகிவிடும்.

பெயர்களை வைத்துப் பாஸ்வேர்டு அமைப்பது நம் வீடுகளின் வழக்கம். சிக்கலே ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான். செந்திலுக்கு ‘டி’ மட்டுமா, ‘டிஎச்’சா? தமிழரசிக்கு ‘ழ’ எழுத ‘எல்’லா, ‘இசட்எச்’சா? லட்சுமியை எப்படியெல்லாம் எழுதலாம் என்று கணக்குப் போட்டால் பொழுது போய்விடும். வாயால் கேட்கவே கேட்காதீர்கள். வீட்டுக்காரர் தன் செல்பேசியில் காட்டட்டும். ஆண்ட்ராய்டு 10 முதல், வைஃபை செட்டிங்ஸில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு ‘ஷேர்’ கொடுத்தால் கியூஆர் கட்டம் வரும். பல செல்பேசிகளில் அதன் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் இருக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல், அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தொட்டால் தெரியும். அதை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடியுங்கள். சுழியமும் ‘ஓ’வும், 1 என்ற எண்ணும் சிறிய ‘எல்’லும், பெரிய ‘ஐ’யும் ஒன்றுபோலத் தோன்றும், மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பாஸ்வேர்டை யாரும் மாற்றியதே இல்லை என்றால் ரூட்டரைத் திருப்பி அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பாருங்கள். அது ஒரு சிறு காடு. பொடி எழுத்தில் வைஃபை பெயர், அதற்கான சாவி, நிர்வாகப் பக்கத்துக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும், 8 இலக்க டபிள்யூபிஎஸ் பின் (பாஸ்வேர்டு அடிக்காமல் கருவியைச் சேர்க்கும் வசதிக்கான எண்), மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்), தொடர் எண் என எல்லாம் அடுக்கியிருக்கும். பலர் ‘அட்மின்’ என்பதையோ அந்த 8 இலக்க எண்ணையோ அடித்துவிட்டுத் தவிப்பார்கள். நமக்கு வேண்டியது ‘வைஃபை கீ’, ‘வயர்லெஸ் பாஸ்வேர்டு’, ‘டபிள்யூபிஏ கீ’ போன்ற பெயரோடு இருக்கும் வரி. நீளத்தை வைத்தும் வடிகட்டலாம்: இன்றைய வீட்டு வைஃபை பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63. ஆறெழுத்தில் யாராவது சொன்னால் அது பாதிப் பாஸ்வேர்டு, அல்லது வேறு எதற்கோ உரியது.

எல்லாம் சரியாக இருந்தும், போன ஆண்டு இதே வீட்டில் இணைந்த லேப்டாப் இந்த ஆண்டு மறுக்கிறதா? பழைய பாஸ்வேர்டை அது மனத்தில் வைத்திருக்கிறது. ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, ‘வைஃபை’, ‘மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்’ வரை போய் அந்தப் பெயருக்கு ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு, புதிதாகச் சேருங்கள். மேக்புக்கிலும் வைஃபை செட்டிங்ஸில் அதே ‘ஃபர்கெட்’ உண்டு.

யாருக்குமே பாஸ்வேர்டு நினைவில்லை என்றால் டபிள்யூபிஎஸ் பொத்தான் ஒரு குறுக்கு வழி. விண்டோஸ் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில், ரூட்டரின் பொத்தானை அழுத்தியும் இணையலாம் என்று எழுதியிருந்தால் வழி திறந்திருக்கிறது. பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு இரண்டு நிமிடத்துக்குள் இணைத்துவிடவேண்டும். ஆனால் ஒன்று: சில ரூட்டர்களில் டபிள்யூபிஎஸ்ஸுக்கும் ரீசெட்டுக்கும் ஒரே பொத்தான். தட்டினால் டபிள்யூபிஎஸ், அழுத்திப் பிடித்தால் ரீசெட். அழுத்திப் பிடித்தால் மொத்த வீட்டின் இணையமும் போய்விடும். பக்கத்தில் ‘ரீசெட்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* செல்பேசியிலும் இல்லை, அடியில் ஒட்டிய காகிதமும் உரிந்துவிட்டது என்றால் இணைப்புக் கொடுத்தவரிடம் வீட்டுக்காரரே பேசட்டும். பல ஊர்களில் அது கேபிள் டிவிக்காரரேதான். அவர் தன் நோட்டில் எழுதி வைத்திருப்பார்.

அறிகுறி: பாஸ்வேர்டு சரி, ஆனால் ‘இந்த நெட்வொர்க்கில் இணைய முடியவில்லை’ என்கிறது

முதலில் ‘ஃபர்கெட்’, பிறகு ரீஸ்டார்ட். இவை இரண்டும் இலவசம்.

பழைய லேப்டாப்பும் புது ரூட்டருமாக இருந்தால் டபிள்யூபிஏ3 மேல் சந்தேகப்படுங்கள். 2018இல் வந்த இந்தப் பாதுகாப்பு முறை விண்டோஸ் 7க்குத் தெரியாது. விண்டோஸ் 10இல் 1903 பதிப்பு முதல்தான் உண்டு, அதற்கும் டிரைவர் ஒத்துழைக்கவேண்டும். ரூட்டரின் பாதுகாப்புப் பகுதியில் ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு நிலையைத் தேர்ந்தெடுத்தால் இரு தலைமுறையும் சேர்ந்து வாழலாம். விருந்தாளி ஒருவருக்காகப் பாதுகாப்பே இல்லாத ‘ஓபன்’ நிலைக்கு மாற்ற யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் கணினி தெரிந்த இளைஞர் இருந்தால் இன்னொரு சாத்தியம் உண்டு. பதிவு செய்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும் ‘மேக் ஃபில்டர்’ போட்டு வைத்திருப்பார். லேப்டாப்பின் வைஃபை செட்டிங்ஸில் ‘ஹார்டுவேர் பிராபர்ட்டீஸ்’ என்ற இடத்தில் மேக் முகவரி இருக்கும். அதைக் கொடுத்தால் சேர்த்துவிடுவார். ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்’ ஆனாக இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கொடுப்பது ஒரு முகவரி, லேப்டாப் காட்டுவது வேறொன்றாக இருக்கும்.

இதற்கும் அசையாவிட்டால் ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’ உள்ளே ‘நெட்வொர்க் ரீசெட்’ இருக்கிறது. சொந்த லேப்டாப்பில் தாராளமாகச் செய்யலாம். சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டுகளும் அழிந்துவிடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* அலுவலக லேப்டாப்பானால் ரீசெட்டுக்கு முன்பே. நிறுவனம் போட்டுவைத்த விபிஎன் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி) அமைப்பும் அதில் போய்விடலாம். தவிர, வெளி வைஃபையில் சேரவே கூடாது என்று நிறுவனமே பூட்டியிருக்கவும் கூடும். அவர்களுடைய உதவி மையத்தைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: இணைந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை

*கிளை ஒன்று: வீட்டில் யாருக்குமே இணையம் இல்லை*

லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு ரூட்டரின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி உள்ளே வரவில்லை என்று பொருள். வெளியே கம்பி அறுந்திருக்கலாம். உள்ளேயே, டிவி மேசைக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய ஃபைபர் கேபிள் நசுங்கி மடிந்திருக்கவும் கூடும். மடிப்பை மெதுவாகத் தளர்த்திவிடுங்கள். முனையைக் கழற்றி ஊதுவது, துடைப்பது, கண்ணருகே வைத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

எல்ஓஎஸ் எரியவில்லை, ஆனாலும் இணையம் இல்லை என்றால் வீட்டுக்காரரின் அனுமதியோடு ரூட்டரின் மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். விளக்குகள் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் பொறுக்கவேண்டும். கேமரா, இணையத் தொலைபேசி எல்லாம் அதன் வழியே ஓடும் வீடுகளில் சொல்லாமல் அணைத்தால் வீண் மனத்தாங்கல். மாதக் கட்டணம் கட்டியாயிற்றா என்பதை நீங்கள் கேட்பது நாகரிகமாக இராது. ‘நிறுவனத்தின் செயலியை ஒருமுறை திறந்து பாருங்களேன்’ என்று சொன்னால் போதும், அவரே பார்த்துக்கொள்வார்.

குச்சியை விட்டு அழுத்தும் ரீசெட் ஓட்டையை மட்டும் மறந்துவிடுங்கள். இணைப்புக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ரூட்டருக்குள் பதிந்திருக்கும் வீடுகள் உண்டு. ரீசெட் செய்தால் அவையும் அழியும். ஞாயிற்றுக்கிழமையானால் ஆள் வர மறுநாள் ஆகும்.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* சிவப்பு எல்ஓஎஸ் கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால். பேசும்போது ‘நெட் வரவில்லை’ என்பதோடு நிறுத்தாமல் எந்த விளக்கு, என்ன நிறம் என்று சொன்னால் சரியான ஆளை அனுப்புவார்கள்.

*கிளை இரண்டு: எல்லோருக்கும் இருக்கிறது, உங்கள் லேப்டாப்புக்கு மட்டும் இல்லை*

விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். விபிஎன் இணையாதவரை மொத்த இணையத்தையும் மறிக்கும் வசதி பலவற்றில் உண்டு. துண்டித்துப் பாருங்கள். அடுத்தது ப்ராக்ஸி, அதாவது உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைநிலைக் கணினி. கல்லூரியிலோ அலுவலகத்திலோ போட்ட ப்ராக்ஸி முகவரி அப்படியே தங்கியிருந்தால் வெளியே எந்தத் தளமும் திறக்காது. ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதியின் ‘ப்ராக்ஸி’யில் ‘யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்’ அணைந்திருக்கவேண்டும்.

பிறகு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண். வைஃபையின் ‘பிராபர்ட்டீஸ்’ பக்கத்தில் ‘ஐபிவி4 அட்ரஸ்’ எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரியைத் தரும். சந்தேகமானால் உங்கள் செல்பேசியின் வைஃபை விவரத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். முதல் மூன்று எண்களும் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் உங்கள் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ என்று யாரோ நிலையாகப் போட்டுவைத்த முகவரி அது. ‘ஐபி அசைன்மென்ட்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். அங்கேயே டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயரை எண் முகவரியாக்கித் தரும் சேவை) ஆட்டோமேட்டிக்காக இருக்கட்டும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரூட்டரிடம் கேட்டும் முகவரி கிடைக்காததால் லேப்டாப் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது. வைஃபையை அணைத்துப் போட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டில் இது நடந்தால் வந்தவர்களின் செல்பேசிகளே காரணமாக இருக்கலாம். ரூட்டர் கொடுக்கக்கூடிய முகவரிகளுக்கு எல்லை உண்டு. நேற்று வந்து போனவரின் செல்பேசிக்குக் கொடுத்ததுகூடக் கெடு முடியும்வரை அவர் பெயரிலேயே இருக்கும். ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

எதுவுமே தவறாகத் தெரியவில்லையென்றால் தனியாக நிறுவிய ஆன்டிவைரஸின் ஃபயர்வாலை (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் காவல்) சில நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அப்படியே வீட்டுக்காரரிடம், பிள்ளைகளுக்காக இரவு நேரக் கட்டுப்பாடு ஏதாவது ரூட்டரில் போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். இரவு பத்து மணி அடித்ததும் நின்று, காலையில் தானாகச் சரியாகும் இணையம் பெரும்பாலும் அந்த வகைதான்.

அறிகுறி: எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்கிறது

திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும். தேதியைத் திருத்துங்கள், சரியாகிவிடும். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னே போனால் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. பல லேப்டாப்புகளில் அது சிஆர்2032 என்ற வட்ட வில்லை. மாற்றுவது கடைக்காரர் வேலை. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அந்த வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

அறிகுறி: இணைகிறது, ஆனால் ஊர்கிறது அல்லது அறுந்து அறுந்து வருகிறது

ரூட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் லேப்டாப்புக்குக் குறையில்லை, இடம்தான் குறை. நம் வீடுகளில் ரூட்டர் டிவிக்குப் பின்னாலோ, பரண்மேல் இன்வெர்ட்டர் பக்கத்திலோ கிடக்கும். நடுவே ஒரு கான்கிரீட் தூண், ஓர் இரும்பு பீரோ, ஒரு ஃபிரிட்ஜ். சமிக்ஞை இவற்றைக் கடந்து வருவதற்குள் களைத்துவிடும். மேக்புக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் சமிக்ஞை வலிமையைக் காட்டும் ‘ஆர்எஸ்எஸ்ஐ’ என்று ஓர் எண் வரும். -50 என்றால் நன்று. -67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். -80ஐ நெருங்கினால் நாற்காலியை நகர்த்துவதுதான் மருந்து. விண்டோஸில் சின்னத்தின் வளைவுகளைக் கொண்டு குத்துமதிப்பாகப் பார்க்கலாம்.

இரண்டு பெயர்கள் தெரிந்தால் அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸும் சுவர் தாண்டினால் 2.4உம் நல்லது. 2.4இல் இருக்கும்போது மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் இணைப்புத் தடுமாறுவது இயல்பு. இரண்டும் ஒரே அலைவரிசை. வெளி ஹார்ட் டிஸ்க்கும் இதே வேலையைச் செய்யும். யூஎஸ்பி 3 கருவிகளும் கேபிள்களும் 2.4இல் இரைச்சல் கிளப்புவதை இன்டெல் 2012இலேயே ஆய்வறிக்கையாக வெளியிட்டது. டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள்.

உங்கள் லேப்டாப்பே இணைய வேகத்தைத் தின்றுகொண்டிருக்கலாம். புது இணைப்பு கிடைத்த மகிழ்ச்சியில் விண்டோஸ் அப்டேட்டும் ஒன்டிரைவும் ஒன்றாகப் பாயும். அந்த வைஃபையின் ‘பிராபர்ட்டீஸ்’ பக்கத்தில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆன் செய்தால் பெரும்பாலான இறக்கங்கள் நின்றுவிடும். வீட்டுக்காரர் தன் செல்பேசி ஹாட்ஸ்பாட்டைத் தந்திருந்தால் இதை இணைந்த உடனேயே செய்யுங்கள். நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி என்று திட்டம் போட்டிருப்பவருக்கு ஒரு பெரிய அப்டேட் அன்றைய டேட்டாவை முழுசாக விழுங்கிவிடும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த முறை ஹாட்ஸ்பாட்டும் தரமாட்டார்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறுந்து தானாக ஒட்டிக்கொண்டால் டிவைஸ் மேனேஜரில் அட்டையின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தைத் திறந்து, மின்சாரம் மிச்சப்படுத்த இக்கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லா லேப்டாப்பிலும் அந்தப் பக்கம் இராது.

*ஆளைக் கூப்பிடும் கட்டம்:* ரூட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வேலை செய்து, செல்பேசிக்கு நன்றாக வரும் அடுத்த அறையிலேயே லேப்டாப் செத்துவிட்டால் கீல் மாற்றியது, திரை மாற்றியது, உள்ளே தூசு தட்டியது ஏதாவது அண்மையில் நடந்ததா என்று யோசியுங்கள். வைஃபை ஆன்டெனாவின் மெல்லிய கம்பிகள் பெரும்பாலும் கீல் வழியாகத் திரைக்குப் போகின்றன. திரும்ப மாட்டும்போது அந்தக் கம்பி அட்டையில் சரியாகக் குத்தாமல் விட்டுப்போவது சகஜம். வேலை செய்த கடைக்கே கொண்டுபோய், ‘ஆன்டெனா கம்பியைப் பாருங்கள்’ என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பொதுவாக ‘வைஃபை வீக்’ என்று சொன்னால் சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உள்ளூர்க் கடையாக இருந்தாலும் புது அட்டைக்கான விலையில்தான் பேச்சு தொடங்கும்.

அறிகுறி: இணையம் வருகிறது, அவர்கள் பிரின்டர் மட்டும் தெரியவில்லை

உங்களைக் ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்த்திருப்பார்கள். அது இணையத்தை மட்டும் தரும். வீட்டின் மற்ற கருவிகளைக் கண்ணில் காட்டாது. அதற்காகத்தான் அது இருக்கிறது. முதன்மை வைஃபையில்தான் இருக்கிறீர்கள் என்றால் லேப்டாப் அந்த நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று குறித்திருப்பது காரணமாகலாம். ‘பிரைவேட்’ என்று மாற்றினால் பிரின்டர் தெரியக்கூடும். ஆனால் உங்கள் லேப்டாப்பும் மற்றவர்களுக்குத் தெரியத் தொடங்கும். ஒரு பயணச்சீட்டை அச்சடிக்க இத்தனை மாற்றம் வேண்டாம். பிடிஎஃப்பாக வீட்டுக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள், அவர் செல்பேசியிலிருந்தே அச்செடுத்துக் கொடுத்துவிடுவார்.